எண்ணைப் பார்த்துக் கூப்பிடுங்கள்: வாசகர் கேள்வி-பதில்

இந்தத் தடவை சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்தவை பெரும்பாலும் தொலைபேசி பற்றிய கடிதங்கள். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். கடைப் பெயர், ஆள் பெயர் எல்லாம் எடுத்தாயிற்று.

கேள்வி: அம்மாவுக்கு ஒரு கார்ட்லெஸ் போன் வாங்கினோம். உள்ளூருக்கு நன்றாகப் போகிறது. தஞ்சாவூருக்கு 001 91 04362 என்று போட்டு வீட்டு எண்ணை அழுத்தினால் எண் தவறு என்கிறது. கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். புகார் கொடுக்கலாமா? (ஈசூன் வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். போனில் ஒரு கோளாறும் இல்லை, அந்தப் பூஜ்யம்தான் கோளாறு. 04362இல் முதலில் நிற்கும் 0, இந்தியாவுக்குள்ளேயே வெளியூருக்குக் கூப்பிடுகிறவர்களுக்கானது. நாம் இங்கிருந்து இந்தியாவின் 91 போட்ட பிறகு அதற்கு வேலை இல்லை. 001 91 4362, அப்புறம் வீட்டு எண். சென்னையின் 044 இங்கிருந்து 91 44 ஆகும், மலேசியாவிலுள்ள ஜொகூரின் 07 இங்கிருந்து 60 7 ஆகும். சிங்கப்பூரில் ஊருக்கு ஊர் தனி எண் கிடையாது, ஜூரோங்கிலிருந்து சாங்கிக்குப் பேசினாலும் அதே எட்டு இலக்கம்தான். அதனால் இங்கேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தப் பூஜ்யக் கணக்கு தெரிவதில்லை. கடைக்காரரிடம் சண்டை போட்டிருந்தால் போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வாருங்கள். பாவம், அவர் சரியாகத்தான் விற்றிருக்கிறார்.

கேள்வி: கைத்தொலைபேசியில் ‘+’ போட்டு 91 என்று அழுத்தித்தான் ஊருக்குப் பேசுவேன். பில் எகிறிவிட்டது. கூட வேலை பார்ப்பவரும் என் நிறுவனத்தில்தான் இணைப்பு வைத்திருக்கிறார், ஆனால் அவர் வேறு ஏதோ எண் போட்டுப் பேசுகிறார், பாதிக் காசுதான் ஆகிறதாம். (துவாஸ் வாசகர்)

பதில்: அவர் விவரமானவர். வெளிநாட்டு அழைப்புக்கு இங்கே பல வாசல்கள் உண்டு. 001 சிங்டெல், 002 எம்1, 008 ஸ்டார்ஹப். இவை முதல் தரப் பாதைகள். இவற்றுக்குப் பக்கத்திலேயே மலிவுப் பாதைகளும் இருக்கின்றன: 019, 018, 021. ‘+’ அழுத்தும்போது எந்த வாசல் என்று நீங்கள் சொல்லவில்லை, நிறுவனமே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. மலிவானதைத் தேர்ந்தெடுக்கும் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் திட்டத்தில் ‘+’ எந்தக் கட்டணத்தில் விழுகிறது, இந்தியாவுக்கு எந்த முன்னெண் மலிவு என்று ஒரே ஒரு தடவை கேட்டு, ஊர் எண்களை எல்லாம் அந்த முன்னெண்ணோடு சேர்த்துப் பதிந்துவையுங்கள்.

மலிவு என்றால் நானும் ஓடுகிறவன்தான். தேக்காவில் தொலைபேசி அட்டைகள் மாலை மாலையாகத் தொங்கிய காலத்தில் கட்டுக்கட்டாக வாங்கியிருக்கிறேன். நாணயத்தால் வெள்ளிப் பூச்சைச் சுரண்டி, ரகசிய எண்ணை அழுத்தினால், எத்தனை நிமிடம் பாக்கி என்று ஒரு பெண் குரல் கணீரென்று சொல்லும். அதில் பாதி பேசுவதற்குள் அழைப்பு அறுந்துவிடும். இணைப்புக் கட்டணம் என்று ஒன்று அட்டையின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருக்கும். அதைப் படிக்க அப்போது கண்ணாடி போடவில்லை.

கேள்வி: வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் என் அக்காவைக் கூப்பிட்டார். திரையில் +65 6 என்று உள்ளூர் எண் போலவே இருந்ததாம். பிறகு ‘போலீஸ் அதிகாரி’ ஒருவருக்கு அழைப்பை மாற்றிவிட்டார்கள். அக்கா சேமிப்பை மாற்றி அனுப்பிவிட்டார். வீட்டில் எல்லாரும் அவரைத்தான் ஏசுகிறார்கள். (தோ பாயோ வாசகர்)

பதில்: முதலில் ஏசுவதை நிறுத்துங்கள். இதைச் செய்தவர்கள் இதையே தொழிலாக வைத்திருப்பவர்கள். நாள் முழுக்கப் பேசிப் பழகியவர்களின் முன்னால் ஒரு வயதான அம்மா என்ன செய்வார்? இன்னும் செய்யவில்லை என்றால் இந்த நிமிடமே வங்கியின் 24 மணி நேர எண்ணைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், உடனே போலீஸ் புகார். வங்கி எண்ணை ஏடிஎம் அட்டையின் பின்பக்கத்தில் பார்த்து எடுங்கள், வந்த அழைப்பிலிருந்து எடுக்காதீர்கள்.

அடுத்தது அந்த ‘+’. 2020 ஏப்ரலிலிருந்து, வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பு எதுவானாலும் முன்னால் ‘+’ காட்ட வேண்டும் என்று இங்கே ஏற்பாடு. உள்ளூர் அழைப்புக்கு ‘+’ வராது, வெறும் எட்டு இலக்கம்தான் வரும். அப்படியானால் +65 என்று வந்தது? கடல் கடந்து வந்து உள்ளூர்ச் சட்டை போட்டுக்கொண்ட அழைப்பு. வெளிநாடு போன உங்கள் தம்பி தன் சிங்கப்பூர் எண்ணிலிருந்து பேசினாலும் அப்படி வரலாம். ஆனால் ராஃபிள்ஸ் பிளேசில் உட்கார்ந்திருக்கும் வங்கி அதிகாரி பேசினால் வராது. இதைக் கேட்டுவிட்டு ‘+’ இல்லாத அழைப்பை எல்லாம் நம்பிவிடாதீர்கள். உள்ளூர் சிம் அட்டைகளை வாங்கிப் பேசும் கும்பல்களும் இருக்கின்றன. அரசாங்க அதிகாரி யாரும் பணத்தை மாற்றச் சொல்ல மாட்டார், வங்கி விவரம் கேட்க மாட்டார், அழைப்பைப் போலீசுக்குத் திருப்பிவிடவும் மாட்டார். சந்தேகம் வந்தால் 1799ஐக் கூப்பிடலாம், அது ஸ்கேம்ஷீல்டு என்ற மோசடித் தடுப்பு உதவி எண், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

வெளிநாட்டு அழைப்புகளை மொத்தமாகத் தடுக்கும் வசதியைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தருகின்றன. அக்காவின் எண்ணுக்குப் போட்டுவிடுங்கள். காரைக்குடியிலிருந்து தங்கை சாதாரண அழைப்பில் கூப்பிட்டாலும் வராதே என்பீர்கள். வராதுதான். அந்தத் தங்கைக்கு வாட்ஸ்அப் இருக்கிறதே.

கேள்வி: என் பெயரில் சில சிம் அட்டைகள் எடுத்துக் கொடுத்தால் அட்டைக்கு இத்தனை வெள்ளி தருவதாக ஒருவர் சொல்கிறார். சட்டப்படி சரியா? (படித்துக்கொண்டிருப்பவர், கிளமெண்டி)

பதில்: சரியில்லை. 2025 ஜனவரி 1 முதல் இதற்கென்றே சட்டம் வந்துவிட்டது, சிறைக்கும் போகலாம். மேலே இருக்கும் அக்காவின் கடிதத்தை இன்னொரு தடவை படியுங்கள். அவரை ஏமாற்றுகிறவர்கள் அடுத்துப் பேசப்போவது உங்கள் பெயரில் உள்ள எண்ணிலிருந்து.

கேள்வி: இணையத்தில் ஒருவரிடம் 8888 என்று முடியும் எண்ணை 600 வெள்ளிக்கு வாங்கினேன். சிம் அட்டையைக் கையில் கொடுத்தார். இரண்டு மாதத்தில் இணைப்பு செத்துவிட்டது. நிறுவனத்தில் கேட்டால் அந்த எண் என் பெயரிலேயே இல்லை என்கிறார்கள். (புக்கிட் பாத்தோக் வாசகர்)

பதில்: உங்கள் பெயரில் எப்படி இருக்கும்? நீங்கள் வாங்கியது ஒரு பிளாஸ்டிக் துண்டு. 2005இலிருந்து சிம் அட்டை எல்லாம் அடையாள ஆவணத்தோடு பதிவாகின்றன. பதிவு யார் பெயரிலோ அவர் சொன்னால் நிறுத்துவார்கள், மாற்றுச் சிம்மும் அவருக்கே கொடுப்பார்கள். அதோடு எண் என்பது யாருக்கும் சொந்தச் சொத்து இல்லை. தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் எண்களைத் தொகுதி தொகுதியாக நிறுவனங்களுக்கு ஒதுக்குகிறது, நிறுவனம் நமக்குப் பயன்படுத்தக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆசைப்பட்ட எண் வேண்டுமென்றால் நிறுவனத்திடமே காசு கட்டி வாங்கலாம். வேறு ஒருவருடையது என்றால் இருவரும் நேரில் போய்ப் பெயர் மாற்றிய பிறகுதான் பணம் கைமாற வேண்டும். விற்றவரின் பேச்சு, பணம் போன சான்று இரண்டும் இருந்தால் போலீசில் புகார் கொடுங்கள். கொடுக்கும்போது அடுத்தவர் பெயரிலுள்ள சிம்மை ஏன் வைத்திருந்தீர்கள் என்றும் கேட்பார்கள், பதில் தயாராக இருக்கட்டும்.

கேள்வி: என் எண்ணின் கூட்டுத்தொகை 5 வந்தால் வியாபாரம் பெருகும் என்று எண்கணிதக்காரர் சொல்கிறார். மாற்றலாமா? (செங்காங் வாசகர்)

பதில்: பழைய எண்ணை வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் எல்லாரும் எங்கே கூப்பிடுவார்கள் என்று அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: வாங்கிய குளிர்சாதனப் பெட்டி பழுது. உத்தரவாத அட்டையில் 1800 எண் மட்டும் இருக்கிறது. இலவசம் என்று நினைத்து ப்ரீபெய்டு கைத்தொலைபேசியிலிருந்து கூப்பிட்டேன். காத்திருந்தே கார்டில் இருந்த காசு தீர்ந்துவிட்டது. (பொத்தோங் பாசிர் வாசகர்)

பதில்: வாருங்கள், உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். இந்த 1800 பற்றி எழுத எனக்கு யாராவது ஒரு சாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

1800 என்று தொடங்கும் எண்ணுக்கு, வீட்டுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டால் காசு இல்லை. கைத்தொலைபேசியிலிருந்து கூப்பிட்டால் பேசும் நேரத்துக்குக் கணக்கு ஓடும். ‘அழைப்பு நேரக் கட்டணம் உண்டு’ என்று எங்கோ ஓர் ஓரத்தில் போட்டிருப்பார்கள். இன்றைக்கு எத்தனை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வீட்டுத் தொலைபேசி இருக்கிறது? இருக்கும் சிலவற்றிலும் மேலே பூச்சாடிதான் உட்கார்ந்திருக்கிறது. இலவசம் என்று பெயர், அந்த இலவசத்தை அனுபவிக்கத் தேவையான கருவி வீட்டில் இல்லை.

மாதத் திட்டக்காரர்களுக்கு இது உறைப்பதில்லை, அவர்களுக்கு நிமிடங்கள் மூட்டையாக வருகின்றன. அடிபடுவது ப்ரீபெய்டு கார்டுக்காரர்கள். தங்குவிடுதியில் இருக்கும் ஊழியர், பேரன் வாங்கிக் கொடுத்த கார்டை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் பாட்டி. இவர்கள் காதுக்குள் ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’ என்று பாட்டுப் போட்டுக்கொண்டே காசைக் கறக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு ஒன்று அழுத்து, பழுதுக்கு நான்கு அழுத்து, அப்புறம் மறுபடி முதலிலிருந்து. நான் வாங்கிய ஒரு துணி துவைக்கும் இயந்திரம் சுழன்ற நேரத்தைவிட நான் அதற்காக இந்தப் பாட்டைக் கேட்ட நேரம் அதிகம். மலிவு என்று யாரும் கேள்விப்படாத பிராண்டை வாங்கினால் அப்படித்தான் என்று வீட்டில் சொன்னார்கள். அது வேறு கதை.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஊருக்குப் போயிருக்கும்போது இங்கே ஏதாவது பிரச்சினை என்றால், அங்கிருந்து 1800 எண் பொதுவாகக் கிடைக்காது. அது உள்ளூருக்குள் மட்டும் ஓடும் எண்.

அதனால் பொருள் வாங்கும்போது உத்தரவாத அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 6 என்று தொடங்கும் எட்டு இலக்க எண் இருக்கிறதா? இல்லையென்றால் விற்பவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். 6க்குக் கூப்பிட்டாலும் கைத்தொலைபேசியில் நிமிடம் ஓடும்தான், ஆனால் ‘இலவசம்’ என்ற ஏமாற்று இருக்காது, வெளிநாட்டிலிருந்தும் +65 போட்டுப் பிடிக்கலாம். உங்கள் குளிர்சாதனப் பெட்டிக்கு இனிக் கூப்பிட வேண்டாம். பழுதைப் படம் எடுத்து, ரசீதோடு கடைக்கு மின்னஞ்சல் போடுங்கள். வாங்கி ஆறு மாதத்துக்குள் என்றால் பழுது முதலிலேயே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர் வேலை.

கேள்வி: 3 என்று தொடங்கும் எண்ணிலிருந்து பல் மருத்துவமனை கூப்பிட்டது. மோசடி எண்ணா?

பதில்: 6 கம்பித் தொலைபேசி, 8, 9 கைத்தொலைபேசி, 3 இணையவழித் தொலைபேசி. எண் சரியானதுதான், பல்லைப் பற்றி எனக்குத் தெரியாது.

கேள்வி: அப்பாவுக்கு ஒரு கடையில் ‘ஏற்றுமதி செட்’ கைத்தொலைபேசி வாங்கினோம். 4ஜி என்று பெட்டியில் இருக்கிறது, வாட்ஸ்அப் ஓடுகிறது, சாதாரண அழைப்பு மட்டும் போகவே இல்லை. சிங்கப்பூரில் வேலை செய்யும் என்று விற்பனையாளர் அடித்துச் சொன்னார். (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். 2024இல் இங்கே 3ஜி சேவையை மூடத் தொடங்கி முடித்துவிட்டார்கள். அதற்கு முன்பு, 4ஜி போன்களில் பல, பேசும்போது மட்டும் 3ஜிக்கு இறங்கிப் பேசின. இப்போது இறங்க அந்தப் படியே இல்லை. 4ஜி வழியாகவே குரல் போகும் வோல்ட்இ வசதி போனிலும் வேண்டும், அது இங்குள்ள நிறுவனத்தின் வலைக்கும் பொருந்த வேண்டும். வேறு நாட்டுக்காகச் செய்த செட்டில் இது பெரும்பாலும் இடிக்கும். அப்பா அவசரத்துக்கு 995 அழுத்தினாலும் போகாமல் போகலாம் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். கடைக்குப் போய்ப் பணத்தைக் கேளுங்கள். சொன்னபடி இல்லாத பொருளை மாற்றவோ பணம் கொடுக்கவோ வேண்டும். மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம், அப்புறம் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வக்கீல் தேவையில்லை.

பெரிய பட்டன் போன் ஒன்று என் வீட்டு இழுப்பறையிலும் கிடக்கிறது. 2ஜி மட்டும் உள்ளது, பாதி விலை என்று அள்ளிக்கொண்டு வந்தது. 2017 ஏப்ரலில் 2ஜியை நிறுத்தினார்கள். பாதி விலை ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. டார்ச் மட்டும் இன்னும் எரிகிறது.

கேள்வி: மலிவான திட்டத்துக்கு மாறுவதற்காகப் பழைய இணைப்பை ரத்து செய்துவிட்டுப் புதிய நிறுவனத்துக்குப் போனேன். பழைய எண் கிடைக்காது என்கிறார்கள். (பிடோக் வாசகர்)

பதில்: ரத்து செய்துவிட்டால் எதைக் கொண்டுபோவது? எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் முழு வசதி 2008 ஜூனிலிருந்து இருக்கிறது. புதிய நிறுவனத்தில் விண்ணப்பிக்க வேண்டும், எண் அங்கே போனதும் பழைய இணைப்பு தானாக முடியும். இன்றைக்கே பழைய நிறுவனத்திடம் ஓடுங்கள், எண்ணை இன்னும் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தால் கெஞ்சிப் பார்க்கலாம்.

கேள்வி: தாத்தாவின் தையல் கடைப் பலகையில் ஏழு இலக்க எண்தான் இருக்கிறது. பழமைக்காக அப்படியே விட ஆசை. யாராவது கூப்பிட்டால் வருமா? (சிராங்கூன் சாலை வாசகர்)

பதில்: வராது. 2002 மார்ச் 1 முதல் கம்பித் தொலைபேசி எண்களுக்கு முன்னால் 6 சேர்ந்துவிட்டது. பலகையைத் தொடாமல் பக்கத்தில் சின்னதாக ஒரு 6 எழுதிவிடுங்கள். எழுதும் முன் அந்த எண்ணை நீங்களே ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள், இன்னும் உங்கள் கடையில்தான் மணி அடிக்கிறதா என்று.