வாசகர் கேள்வி: பேஸ்மென்ட் பம்ப் நின்றால் போனுக்குத் தகவல் வருமா?

கேள்வி: எங்கள் பேஸ்மென்ட்டில் கசிவுநீர் சேரும் குழியில் ஒரு சம்ப் பம்ப் இருக்கிறது. போன மழையில் ராத்திரி அது நின்றுபோனது யாருக்கும் தெரியவில்லை, காலையில் இறங்கினால் கணுக்கால் அளவு தண்ணீர். ஒரு ஸ்மார்ட் பிளக் மாட்டினால் போதும் என்கிறார் நண்பர். போதுமா?

பதில்: போதாது. சுவர் சாக்கெட்டுக்கும் பம்ப்புக்கும் நடுவே செருகி, போன் ஆப்பில் பார்க்கும்படி மின்சாரத்தை அளக்கும் ஸ்மார்ட் பிளக் நல்ல பொருள்தான், பம்ப் எத்தனை தடவை ஓடியது, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் ஓடியது என்று சொல்லிவிடும். ஆனால் குழியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. வெளியே போகும் குழாய் அடைத்துக்கொண்டால்கூட மோட்டார் கரண்ட் இழுத்துக்கொண்டேதான் இருக்கும், ஆப்பில் பார்த்தால் எல்லாம் சரியாக நடப்பதுபோல் தெரியும், கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். தண்ணீரோடு மேலே எழும்பி பம்ப்பை ஆன் செய்யும் மிதவை சுவிட்ச் குழிச்சுவரில் சிக்கிக்கொண்டாலோ பம்ப் ஓடவே ஓடாது, பிளக் 0 வாட் காட்டும். மழையே இல்லாத நாளிலும் அதே 0 வாட்தான்.

அதனால் முதலில் வாங்க வேண்டியது தண்ணீர் பட்டால் எச்சரிக்கும் சென்சார். நீளமான ஒயரின் நுனியில் இரண்டு உலோக முனைகள் உள்ள வகையைப் பாருங்கள், தண்ணீர் அந்த இரண்டையும் தொட்டதும் தகவல் போகும். முனைகளை மிதவை பம்ப்பை ஆன் செய்யும் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ஆனால் தரைக்கு நன்றாகக் கீழே, குழிக்குள்ளேயே கட்டுங்கள். சென்சாரின் உடலைச் சுவரில் உயரமாக மாட்டிவிடுங்கள். பலர் இதைத் தரையில் வைத்துவிடுகிறார்கள், அது நனையும்போது வெள்ளம் வந்தாயிற்று.

அடுத்தது நான் மிகவும் கவலைப்படும் இடம். பெரிய மழையில்தான் கரண்ட் போகும். கரண்ட் போனால் பம்ப் நிற்கும், கூடவே வைஃபை ரௌட்டரும் அணைந்துவிடும், பேட்டரியில் ஓடும் சென்சார் தண்ணீரைப் பார்த்துவிட்டாலும் தகவல் வீட்டை விட்டு வெளியே போக வழியில்லை. ரௌட்டருக்கும், சென்சாரின் தகவலை வாங்கி ரௌட்டருக்கு அனுப்பும் ஹப் இருந்தால் அதற்கும் ஒரு சின்ன யுபிஎஸ் கட்டாயம் வேண்டும். அதையும் தாண்டி, இணைப்பே அறுந்துபோனால் "சாதனம் ஆஃப்லைன்" என்று போனுக்கு அறிவிக்கும் வசதி ஆப்பில் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் இப்போதே ஆன் செய்யுங்கள். அந்த அறிவிப்பு வெளியே இருக்கும் சர்வரிலிருந்து வருவதால் வீடே இருட்டில் இருந்தாலும் வந்துசேரும். வீட்டில் ஆள் இருக்கும் நேரத்துக்கு, பேட்டரியில் உரக்கக் கத்தும் சாதாரண அலாரம் ஒன்றையும் வையுங்கள், அதற்கு இன்டர்நெட்டே தேவையில்லை.

இதையெல்லாம் முடித்த பிறகு பிளக்கைப் பற்றி யோசிக்கலாம். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், ஆகவே மோட்டாருக்குத் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கும் பிளக்காக இருக்கட்டும். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது அது தானாக ஆன் நிலைக்கு வருகிறதா என்று சோதியுங்கள். சில பிளக்குகள் ஆஃபிலேயே நின்றுவிடும், பம்ப்புக்கு அது ஆபத்து. டைமர் எதுவும் வைக்காதீர்கள். என்னைக் கேட்டால், மின் ஒயரைச் சுற்றிக் கவ்வும் கிளாம்ப் மீட்டர்தான் மேல், ஏனென்றால் அது பம்ப்புக்குப் போகும் கரண்டின் வழியில் குறுக்கே நிற்பதில்லை. ஒரே ஒரு ஒயரைத்தான் கவ்வ வேண்டும், மொத்தக் கேபிளையும் கவ்வினால் எதுவும் காட்டாது, எலக்ட்ரீஷியனை வைத்தே மாட்டுங்கள்.

அப்புறம் அந்த எண்களைப் படிக்கப் பழகுங்கள். சில நொடி ஓடி, நின்று, உடனே மறுபடி ஓடினால் ஒருவழி வால்வு கசிந்து, மேலே ஏறிய தண்ணீர் குழிக்கே திரும்பி வருகிறதோ என்று பாருங்கள். நிற்காமல் ஓடினால் உடனே இறங்கிப் போங்கள், மிதவை மேலேயே சிக்கியிருக்கலாம். மூழ்கி நிற்கும் பம்ப் பொதுவாகத் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரில்தான் சூடு தணிக்கும், வறண்டு ஓடினால் மோட்டார் எரிந்துபோகும்.

கேள்வி: எல்லாம் மாட்டிவிட்டேன். வேலை செய்யும் என்று எப்படி நம்புவது?

பதில்: போனை மாடியில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கீழே போய், மிதவை எழும்பும்வரை குழியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுங்கள், பம்ப் ஓடியது பதிவாகிறதா என்று கேளுங்கள். சென்சார் முனைகளைத் தனியாக ஒரு டம்ளர் தண்ணீரில் நனையுங்கள். தகவல் வரவில்லை என்றால் பெரும்பாலும் கான்கிரீட் சுவர்தான் சிக்னலைத் தடுக்கிறது, நடுவில், சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ஒரு ரிப்பீட்டர் வைத்துப் பாருங்கள். கடைசியாக, ராத்திரியில் போனை சைலன்ட்டில் போட்டுத் தூங்குபவர் என்றால் இந்த ஒரு ஆப்புக்கு மட்டும் சத்தம் வரும்படி விலக்கு கொடுத்துவிடுங்கள்.