முன்வாசலில் நின்று பேசாதீர்கள்

கேள்வி: பாரிஸில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறேன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் தம்பி, ஏஜென்சிக்குக் காசு கட்டி இங்கே வரத் துடிக்கிறான். வானொலியில் ‘லா பா’ என்ற பழைய பிரெஞ்சுப் பாட்டு; போகாதே என்று ஒரு பெண் கெஞ்சுகிறாள். அழுதுவிட்டேன். என் கனவு கலைந்ததை அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? வீட்டிலிருந்து வீடியோவில் அழைத்தால், சமையலறை இரைச்சலுக்காக முன்வாசலுக்கு வந்துதான் பேசுவேன். விரிவாகச் சொல்ல நேரமிருப்பதில்லை.

பதில்: இரைச்சலுக்காகவா முன்வாசலுக்கு வருகிறீர்கள்? குப்பைத் தொட்டிகள் நிற்கும் பின்வாசலில் இரைச்சல் இன்னும் குறைவாயிற்றே! ஈர ஏப்ரனைக் கழற்றிவிட்டுத்தானே வருகிறீர்கள்? உங்களுக்குப் பின்னால் தெரியும் கண்ணாடிக் கதவையும் விளக்குகளையும் தம்பி பார்க்கிறான். அவனை பாரிஸுக்கு அழைப்பது ஏஜென்சிக்காரர் அல்ல, நீங்கள்.

அந்தப் பாட்டு பிரெஞ்சுப் பாடகர் ஜான்-ஜாக் கோல்ட்மன் 1987இல் தந்தது. உங்களை அழவைத்த குரல் சிரிமாவுடையது. இலங்கைத் தந்தையின் மகள், பாரிஸ் மெட்ரோவில் பாடிக்கொண்டிருந்தவர். ஆனால் ஆண் குரலையும் கேளுங்கள். இங்கே எல்லாம் பிறப்பிலேயே முடிவாகிவிட்டது, அங்கே துணிந்தவனுக்குப் பொன் கைக்கெட்டும் என்கிறான். உங்கள் தம்பியின் பேச்சும் அதுதான். அந்தப் பெண் புயலையும் கப்பல் மூழ்குவதையும் சொல்லித் தடுக்கிறாள், அவன் அசையவில்லை. அவள் போய்ப் பார்த்தவள் இல்லை. நீங்கள் போய்ப் பார்த்தவர். உங்களுக்கு எதற்கு இரவல் கண்ணீர்?

அம்மா தாங்கமாட்டார் என்று சொல்லாதீர்கள். போருக்குள் பிள்ளை வளர்த்தவர், மகன் கோப்பை கழுவுகிறான் என்று கேட்டு இடிந்துபோக மாட்டார். காணியை அடகு வைத்து இரண்டாவது மகனையும் அனுப்பிய பிறகு தெரியவந்தால்தான் இடிந்துபோவார். மூத்தவனின் கடமை பணம் அனுப்புவதோடு முடிகிறது என்று உங்களுக்கு யார் சொன்னது? பெற்ற தாயிடமும் கூடப்பிறந்தவனிடமும் நடிப்பதற்குப் பாசம் என்று பெயர் வைப்பதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன்.

இந்த வாரமே, மதியச் சாப்பாட்டு நேரத்தில், தட்டுகள் குவிந்து கிடக்கும்போது கழுவுதொட்டியின் பக்கத்திலிருந்தே அழையுங்கள். அங்கே மாலையாக இருக்கும், தம்பி வீட்டில் இருப்பான். அறையில் எத்தனை பேர் படுக்கிறீர்கள், வாடகை போக என்ன மிஞ்சுகிறது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். அகதிக் கோரிக்கை கொடுத்தால் முதல் 6 மாதம் வேலை செய்ய அனுமதி இல்லை, நிராகரித்தால் மேல்முறையீடு செய்ய ஒரு மாத அவகாசம்தான் என்பதையும் சொல்லுங்கள். ஏஜென்சிக் கடனின் வட்டி இதற்கெல்லாம் காத்திருக்காது.

எல்லாம் கேட்ட பிறகும் வருவேன் என்றால், அது அவன் முடிவு. படுக்க இடமும் சாப்பாடும் கொடுங்கள், அதில் குறை வைக்காதீர்கள். ஏஜென்சிக்கு மட்டும் நீங்கள் ஒரு சதமும் கட்ட வேண்டாம்.