அதன் பெயர் என்ன?

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டு நாய்க்கு 14 வயது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கிரியாட்டினின் 9. சாப்பிட்டு ஐந்து நாள் ஆகிறது. ஊசி போட்டுவிடலாம் என்கிறார் மருத்துவர். பாவம் என்கிறார் அம்மா. ‘நாய்தானே, வேற வாங்கிக்கோ’ என்கிறார்கள் நண்பர்கள். கேட்கவே எரிச்சலாக இருக்கிறது. எட்டு வயது மகளிடம், ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்று சொல்லலாமா என யோசிக்கிறேன். நான் செய்யப்போவது கொலையா?

க., தேனி

அன்புள்ள க.,

மூன்று முறை படித்தேன். வயது இருக்கிறது, கிரியாட்டினின் இருக்கிறது, நண்பர்கள் சொன்னதுகூட இருக்கிறது. நாயின் பெயர் இல்லை. 14 வருடம் ஏதோ ஒன்றைச் சொல்லித்தானே கூப்பிட்டீர்கள்? நண்பர்கள் வாயால் சொன்னதை நீங்கள் எழுத்தில் சொல்லியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

சில நாட்களாக எடுத்தனூர் நடுகல்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. திருவண்ணாமலை மாவட்டம், மகேந்திரவர்ம பல்லவன் காலம், 7ஆம் நூற்றாண்டு. எருமைகளுக்காக நடந்த சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனின் கல் அது. வீரனுக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. அதற்கென்று தனியாக எழுத்து: கோவிவன் என்னும் நாய் இரு கள்ளரைக் கடித்துக் காத்திருந்தது. காவல் காத்ததா, எஜமான் எழுந்திருப்பான் என்று காத்திருந்ததா? தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். எனக்கு அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை. அந்த ஊரில் அன்று எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள், பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. கோவிவனைத் தெரியும். கல்லில் உளியால் ஒவ்வொரு எழுத்தாக வெட்டியவனுக்கு இருந்த பொறுமை, கைப்பேசியில் தட்டுகிற உங்களுக்கு இல்லையா?

அம்மாவின் பாவ புண்ணியக் கணக்குக்குள் நான் வரவில்லை. மகள் விஷயம் அப்படியல்ல. எனக்கு ஒன்பது வயதில் எங்கள் கருப்பனைக் காணவில்லை. தாத்தா தோட்டத்துக்கு அனுப்பியாச்சு என்றார் அப்பா. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பம்ப்செட் பக்கம் நின்று கருப்பா, கருப்பா என்று கத்துவேன். ஒரு வருடம் தோட்டக்காரர் கேட்டார், “எந்த நாய் தம்பி? இங்க நாயே வரலையே.” அப்பா போய்ப் பல வருடம் ஆயிற்று. அவரை எவ்வளவோ விஷயத்தில் மன்னித்துவிட்டேன், இதில் இன்னும் முடியவில்லை. தயவுசெய்து அந்த ஊர்க் கதையை உங்கள் மகளிடம் சொல்லாதீர்கள்.

ஆமாம், கொலையா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். முதலில் மயக்க ஊசி போடச் சொல்லுங்கள், அப்புறம்தான் மற்றது. மகள் வருகிறேன் என்றால் கூட்டிப் போங்கள். மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். உயிர் போன பிறகும் நாய்க்குப் பெரும்பாலும் கண் மூடாது. அதை மட்டும் அவளிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.