எறிந்த கையை எடுங்கள்: சர்வீஸ் கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு டேபிள் டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லைக்கு இந்தப் பக்கம் பாலக்காட்டிலும் அந்தப் பக்கம் பொள்ளாச்சியிலும் நடுவராக உட்காருகிறேன். சர்வீஸ் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தும், மட்டைக்கு எந்த ரப்பர் வாங்கலாம் என்று கேட்டவர்களே அதிகம். அவற்றை ஒதுக்கிவிட்டேன். கடைக்காரரிடம் கேளுங்கள், பொய் சொன்னாலும் அன்பாகச் சொல்வார்.

கோவிந்தாபுரம் மாணவர்: டீச்சர், பெரிய ஆட்டக்காரர்கள் சர்வீஸிலேயே எதிராளியை ஏமாற்றிவிடுகிறார்களே, அது அழுகுணி ஆட்டம் இல்லையா?

இல்லை கண்ணு. ஏமாற்றலாம், மறைக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டைப் புரிந்துகொண்டால் பாதி விதி புரிந்த மாதிரி.

ஏமாற்றுவது எப்படி என்று பார். கையை ஒரே மாதிரி வீசுகிறாய். பந்து மட்டையின் நுனிப்பக்கம் பட்டால் சுழற்சி அதிகம், ஏனென்றால் வீச்சில் நுனிதான் வேகமாக நகர்கிறது. அதே வீச்சில் பிடிக்குப் பக்கமாகப் பட்டால் சுழற்சி குறைந்துவிடும். எதிரே நிற்பவன் கீழ்ச்சுழற்சி என்று நம்பி மட்டையைத் திறந்து தள்ளுவான், பந்து எகிறிப்போகும். பட்ட பிறகு மணிக்கட்டை வேண்டுமென்றே வேறு பக்கம் திருப்புவதும் இதே ரகம்தான். சுவீடன் ஆட்டக்காரர் யான் ஓவே வால்ட்னர் இந்த வித்தையில் ராஜா. இவை எல்லாம் எதிராளியின் கண் முன்னாலேயே நடக்கின்றன. பார்க்கத் தெரிந்தவன் பார்த்துக்கொள்ளலாம்.

மறைப்பது வேறு. சர்வீஸ் தொடங்கியதிலிருந்து மட்டையில் படும் வரை, போடுபவரின் உடம்போ உடையோ, இரட்டையர் ஆட்டத்தில் கூட்டாளியோ, பந்தை எதிராளியிடமிருந்து மறைக்கக் கூடாது. 2002 வரை இந்தத் தடை கிடையாது. அதற்கு முன் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, தோளுக்கும் முன்கைக்கும் பின்னால் பந்தை அடிப்பார்கள். எந்தச் சுழற்சி வருகிறது என்று பந்து எழும்பிய பிறகுதான் தெரியும். மூன்றாவது அடியிலேயே புள்ளி முடிந்துவிடும். பார்ப்பவர்களுக்குச் சலித்துப்போனது. 2000இல் பந்தின் விட்டத்தை 40 மி.மீ. ஆகப் பெரிதாக்கினார்கள், 2001இல் ஒரு கேமை 11 புள்ளியாகக் குறைத்தார்கள், அடுத்த ஆண்டு மறைப்புச் சர்வீஸுக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள்.

வேலந்தாவளம் வாசகர்: 16 செ.மீ. உயரத்துக்குப் பந்தைப் போட வேண்டும் என்கிறார்கள். நடுவர் எதை வைத்து அளக்கிறார்?

கண்ணை வைத்து. வலையின் உயரம் 15.25 செ.மீ. அதைவிட ஒரு பொட்டு கூட. ஆனால் அந்த 16 உள்ளங்கையை விட்டுப் பந்து கிளம்பிய இடத்திலிருந்து கணக்காகும். பலர் கையைத் தோள் வரை தூக்கிக்கொண்டு போய், அங்கே பந்தை நாலு விரற்கடை துள்ளவிட்டு, கை ஏறிய தூரத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அது சேராது.

பந்து திறந்த உள்ளங்கையில், அசையாத கையில் இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. 1930களில் அமெரிக்க ஆட்டக்காரர்கள் பந்தை விரலால் முறுக்கி, மட்டையில் படும் முன்பே சுழலவிட்டார்கள். அதைத் தடுக்கத்தான் விரல்களுக்கு வேலை இல்லாமல் செய்தார்கள்.

மீனாட்சிபுரம் வாசகர்: எங்கள் வாசகசாலையில் கூரை தாழ்வு. மேலே போட்ட பந்து மின்விசிறியில் பட்டுவிட்டால்?

புள்ளி போயிற்று. மேலே போன பந்து எதன் மீதும் படாமல் இறங்க வேண்டும். 16 செ.மீ. போதும் என்று விதியே சொல்லும்போது விசிறிக்கு ஏன் எறிகிறீர்கள்?

அதே ஊர், பெயர் வேண்டாம் என்றவர்: மட்டையை மேசைக்குக் கீழே மறைத்து வைத்துச் சர்வீஸ் தொடங்கலாமா?

தொடங்கலாம். பந்துதான் மேசை மட்டத்துக்கு மேலேயும் கடைக்கோட்டுக்குப் பின்னாலும் இருக்க வேண்டும். மட்டைக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பொள்ளாச்சி, ஒரு தகப்பனார்: என் மகளுக்கு ஒரு போட்டியில் இரண்டு முறை சர்வீஸ் தவறு என்று ஃபால்ட் கொடுத்தார்கள். டிவியில் உலக வீரர்கள் எல்லோரும் மறைத்துத்தான் போடுகிறார்கள். அவர்களை விட்டுவிட்டு எங்கள் குழந்தையிடம் ஏன் கடுமை?

நீங்கள் அனுப்பிய வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். பந்தை எறிந்த இடது கை தாடைக்குக் கீழேயே மடங்கி நிற்கிறது. முழங்கை வலைப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. பந்து இறங்கி அதன் பின்னால் போகிறது. எறிந்தவுடன் அந்தக் கையைப் பந்துக்கும் வலைக்கும் நடுவிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது விதி. எறிந்த கையை எடுக்கச் சொல்லுங்கள். வேறு சிகிச்சை தேவையில்லை.

பெரியவர்களும் செய்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. அவர்கள் செய்வது இன்னும் நுணுக்கம். பந்தை நேர்மேலே போடாமல் உடம்பை நோக்கிச் சாய்த்துப் போடுவார்கள். பந்து இறங்கும்போது தலையும் தோளும் முன்னால் குனியும். நடுவர் வலைக்கு நேராகப் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறார்; அவருக்குப் பந்து பளிச்சென்று தெரியும். எதிரே நிற்பவருக்குத் தெரிவது தோள்பட்டைதான். அதனால்தான் விதி பொறுப்பைப் போடுபவர் தலையில் வைக்கிறது. நான் சரியாகத்தான் போடுகிறேன் என்று நடுவர் திருப்தி அடையும்படி போட வேண்டியது அவர் கடமை. மறைத்தார் என்று நடுவர் நிரூபிக்க வேண்டியதில்லை.

மீண்டும் அதே தகப்பனார்: சந்தேகத்தின் பலன் ஆட்டக்காரருக்குத்தானே போக வேண்டும்? எச்சரிக்கைகூட இல்லாமல் புள்ளியைப் பிடுங்குவது என்ன நியாயம்?

அது நீதிமன்றத்தில். இங்கே சந்தேகத்துக்கு ஒரே ஒரு எச்சரிக்கை, அதுவும் ஒரு ஆட்டத்தில் முதல் முறை மட்டும். பிறகு தெளிவாக இல்லாத சர்வீஸ் எல்லாம் தவறுதான். இரட்டையரில் ஒருவர் வாங்கிய எச்சரிக்கை கூட்டாளிக்கும் சேர்த்து. சந்தேகமே இல்லாத பிழை என்றால் எச்சரிக்கையும் கிடையாது, நேரே ஃபால்ட்.

பாலக்காட்டிலிருந்து இன்னொருவர்: இடையில் புகுவதற்கு மன்னிக்கவும் டீச்சர். 2012 லண்டன் ஒலிம்பிக் பெண்கள் இறுதியாட்டத்தில் சீனாவின் டிங் நிங்குக்கு ஃபால்ட் கொடுத்து ஆட்டத்தையே கெடுத்தார்களே? பொள்ளாச்சித் தகப்பனார் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இதைக் கொண்டுவருவீர்கள் என்று தெரியும். அன்று இத்தாலி நாட்டு நடுவர் கொடுத்த சர்வீஸ் ஃபால்ட்டுகளில் டிங் நிங் நிலைகுலைந்தார், அட்டையும் வாங்கினார், லி சியாவோசியாவிடம் 4-1 என்று தோற்றார். அழுதார். எனக்கும் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் எதில் குறை சொல்கிறீர்கள்? விதிப்படி ஃபால்ட் கொடுத்ததிலா, இறுதியாட்டத்தில் கொடுத்ததிலா? இறுதியாட்டத்துக்குத் தனி விதிப்புத்தகம் இல்லை. என் கோபம் வேறு இடத்தில். முதல் சுற்றிலிருந்தே எல்லா நடுவர்களும் கொடுத்திருந்தால் இறுதியாட்டத்தில் யாருக்கும் அதிர்ச்சி இருந்திருக்காது. கண்டும் காணாமல் விடுகிற நடுவர்தான் ஆட்டக்காரரைக் கெடுக்கிறார். நான்கு ஆண்டு கழித்து ரியோவில் அதே டிங் நிங் அதே லி சியாவோசியாவை 4-3 என்று வென்று தங்கம் வாங்கினார். அதை யாரும் பேசுவதில்லை.

பொள்ளாச்சித் தகப்பனார்: அப்படியானால் கேமராவை வைத்துவிட்டு நடுவரை வீட்டுக்கு அனுப்பலாமே!

2019 டிசம்பரில் சீனாவின் ஜெங்ஜோவில் நடந்த உலகச் சுற்று இறுதிப் போட்டியில் வீடியோ மறுபரிசீலனையைச் சோதித்துப் பார்த்தார்கள். நல்லதுதான். வேலந்தாவளத்திலும் பொள்ளாச்சியிலும் அந்தக் கேமராக்களுக்கு நீங்கள் பணம் கொடுங்கள், நான் வீட்டுக்குப் போகிறேன். அதுவரை மகள் எறிந்த கையை எடுக்கட்டும். இந்த வாதத்தை இத்துடன் முடித்துக்கொள்வோம்.

சித்தூர் மாணவி: சர்வீஸ் போடும்போது காலைத் தரையில் ஓங்கி மிதிக்கிறார்கள். தப்பா டீச்சர்?

சர்வீஸ் விதியில் தப்பில்லை. மேசை அசையாமல் இருந்தால் சரி. முன்பு மட்டையின் இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில், ஆனால் வெவ்வேறு குணமுள்ள ரப்பர் ஒட்டுவார்கள். எந்தப் பக்கம் பட்டது என்று எதிராளி சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பான். அந்தச் சத்தத்தை அமுக்கவே மிதித்தார்கள். 1980களில் இரண்டு பக்கமும் இரண்டு நிறம் என்று ஆக்கிய பிறகும் பழக்கம் போகவில்லை.

வாளையார் வாசகர்: எறிந்தது கோணலாகப் போனால் பிடித்துக்கொண்டு மறுபடி போடலாமா?

கூடாது. எறிந்த நொடியில் ஆட்டம் தொடங்கிவிட்டது. அடிக்காவிட்டால் புள்ளி எதிராளிக்கு.

கோபாலபுரம் வாசகர்: 16 செ.மீ. தோளிலிருந்தா, மேசையிலிருந்தா?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள். உள்ளங்கையிலிருந்து.

இன்னொருவர்: பந்து வலைக்கு மேல் போனால் 16 ஆகிவிடும்தானே?

உள்ளங்கையிலிருந்து. இனி இந்தக் கேள்வியை எடுக்க மாட்டேன்.

கொழிஞ்சாம்பாறை, என் பழைய மாணவன்: எதிராளி மறைத்துப் போடுகிறான், நடுவர் கொடுக்கவில்லை. நான் என்ன செய்வது டீச்சர்?

புள்ளிகளுக்கு இடையே, பணிவாக, ஒரு முறை நடுவரிடம் சொல். அதற்கு மேல் வாதாடாதே. கண்ணால் கண்டதைப் பற்றிய அவர் முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. பிறகு பந்தின் மீதுள்ள முத்திரையைப் பார். முத்திரை படிக்கும்படி தெரிந்தால் சுழற்சி குறைவு, கலங்கிய கோடாகத் தெரிந்தால் சுழற்சி கனம். எந்தப் பக்கச் சுழற்சி என்று புரியாதபோது மேசையின் நடுவை நோக்கித் திருப்பு. ஓரத்துக்கு ஆசைப்பட்டால் வெளியே போகும். மட்டையை மேசையில் தட்டிக் கூச்சல் போட்டாயானால், அவனுக்கு ஃபால்ட் வருவதற்கு முன் உனக்கு மஞ்சள் அட்டை வரும். அதை நானே கொடுப்பேன்.