மவுஸ் அசையவில்லை என்றால் வேலை நடக்கவில்லையா?

கேள்வி: திருச்சியில் ஒரு மெடிக்கல் கோடிங் நிறுவனத்தில் (நோயாளியின் ரிப்போர்ட்டைப் படித்து, இன்சூரன்ஸ் கிளெய்முக்கான குறியீடு போடும் வேலை) வேலை பார்க்கிறேன். கொரோனா காலத்திலிருந்து வீட்டிலிருந்துதான் வேலை. லேப்டாப் கம்பெனி கொடுத்தது. சில மாதங்களுக்கு முன்பு 'செக்யூரிட்டி அப்டேட்' என்று ஒரு மெயில் அனுப்பிவிட்டு ஏதோ சாஃப்ட்வேர் ஏற்றினார்கள். போன வாரம் டீம் லீடர், யார் எத்தனை நிமிடம் 'ஐடில்' ஆக, அதாவது வேலை செய்யாமல், இருந்தார்கள் என்ற பட்டியலை குரூப்பில் போட்டார். என் பெயர் இரண்டாவது! இத்தனைக்கும் தினமும் டார்கெட்டை முடிக்கிறேன். அந்த சாஃப்ட்வேர் திரையை அடிக்கடி படம் பிடிக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. அதே லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப் திறந்து, டீம் லீடரைத் திட்டி அக்காவுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். நெட் பேங்கிங்கும் பார்த்திருக்கிறேன். இப்போது சொந்த போனில் ஒரு ஆப் போட வேண்டுமாம். ஷிஃப்ட் முழுக்க கேமராவும் ஆன் செய்ய வேண்டுமாம். வீட்டில் மாமியாரும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். இதெல்லாம் சட்டப்படி சரியா? மவுஸைத் தானாக அசைக்கும் கருவி ஆன்லைனில் விற்கிறதே, வாங்கலாமா? வேலையை விட்டுவிடு என்கிறார் கணவர்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

சட்டம் இருக்கட்டும், அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் போனைக் கையில் எடுங்கள். வாட்ஸ்அப் மெனுவில் 'லிங்க்டு டிவைசஸ்' என்று இருக்கும். அதில் ஆபீஸ் லேப்டாப்பைத் தட்டி லாக் அவுட் செய்யுங்கள். அடுத்து, அந்த லேப்டாப்பின் குரோமில் உங்கள் சொந்த ஜிமெயிலைப் போட்டிருக்கிறீர்களா? நிறைய பேர் போட்டிருப்பார்கள். போட்டு, சின்க் ஆனில் இருந்தால், நீங்கள் வீட்டு கம்ப்யூட்டரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் கூடவே அங்கே போய் உட்கார்ந்திருக்கும். போனில் கூகுள் கணக்கைத் திறந்து, செக்யூரிட்டி பகுதியில் 'யுவர் டிவைசஸ்' பட்டியலிலிருந்து அந்த லேப்டாப்பை சைன் அவுட் செய்யுங்கள். பேங்க் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இதையும் போனிலிருந்துதான் செய்ய வேண்டும். அந்த லேப்டாப்பிலேயே மாற்றினால் மாற்றிய பலன் இல்லாமல் போகலாம்.

ஏன் என்று சொல்கிறேன். இந்த வகை சாஃப்ட்வேர்கள் பொதுவாகக் கீபோர்டும் மவுஸும் எவ்வளவு அசைகின்றன, எந்த புரோகிராம் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்று கணக்கு வைக்கும், இடையிடையே திரையைப் படம் பிடிக்கும். சிலவற்றில் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்யும் வசதியும் உண்டு. வாட்ஸ்அப்பில்தான் என்கிரிப்ஷன் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். மெசேஜ் வழியில் போகும்போதுதான் அந்தப் பாதுகாப்பு. உங்கள் திரையில் எழுத்தாக வந்து நின்ற பிறகு, திரையைப் படம் பிடிப்பவருக்கு அது தெரியும். டீம்ஸில் இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்ளும் சாட்டும் அப்படித்தான். நிர்வாகம் நினைத்தால் எடுத்துப் பார்க்க வழி இருக்கிறது. இனி அந்த லேப்டாப்பில் எதைத் திறந்தாலும் டீம் லீடர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு திறங்கள்.

அக்காவுக்கு அனுப்பிய மெசேஜைப் பற்றி ரொம்பக் கலங்குகிறீர்கள். நீங்களாகப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டாம். பார்த்தார்களா என்பதே தெரியாதபோது எதற்கு அந்த வேலை? கேட்டால், 'அது என் குடும்பத்தாரோடு பேசியது' என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏறக்குறைய இதே சிக்கல் ருமேனியாவில் ஒரு விற்பனைப் பொறியாளருக்கு வந்தது. பொக்டான் பர்புலெஸ்கு என்று பெயர். வாடிக்கையாளர்களோடு பேச யாஹூ மெசஞ்சர் கணக்கு தொடங்கச் சொன்னதே கம்பெனிதான். 2007-ல் சில நாட்கள் அதைக் கவனித்துவிட்டு, 'ஆபீஸ் வேலைக்கு மட்டும்தான் பயன்படுத்தினேன்' என்று அவர் சொன்னதும் 45 பக்க அச்சுப் பிரதியை எடுத்து நீட்டினார்கள். சகோதரனோடும் வருங்கால மனைவியோடும் பேசியதெல்லாம் அதில் இருந்தது. வேலை போயிற்று. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் முதலில் தோற்றார். 2017 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 11-க்கு 6 என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. சொந்த வேலைக்கு ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்ற விதி அந்தக் கம்பெனியில் இருந்தது, அவருக்கும் அது தெரியும். ஆனாலும் மெசேஜின் உள்ளடக்கத்தையே படிப்பார்கள் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லவில்லை. வழக்கில் இது பெரிதாக நின்றது. உங்களுக்கு வந்த 'செக்யூரிட்டி அப்டேட்' மெயிலை இதோடு வைத்துப் பாருங்கள்.

அந்தத் தீர்ப்பு நம் ஊர் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் நிலைமை கொஞ்சம் சங்கடம்தான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்டில், புட்டசுவாமி வழக்கில், ஒரே குரலில் சொன்னார்கள். ஆனால் அடிப்படை உரிமையை முக்கியமாக அரசுக்கு எதிராகத்தான் நிலைநாட்ட முடியும். தனியார் முதலாளி மீது அதை நேராகப் பாய்ச்சுவது கடினம். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், வேலைவாய்ப்பு தொடர்பான தேவைக்கும், ரகசியம் கசிந்து கம்பெனிக்கு நஷ்டம் வராமல் காப்பதற்கும் ஊழியரின் தரவைச் சம்மதம் கேட்காமலே பயன்படுத்தலாம் என்று 7-வது பிரிவில் இடம் கொடுத்திருக்கிறது. தரவைப் பத்திரமாக வைக்காவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்ற கடுமையும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். அதுவரை 2011-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள்தான் துணை. பாஸ்வேர்டு, வங்கி விவரம், உடல்நலத் தகவல், கைரேகை போன்றவற்றைச் சேகரிக்க எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று அவை சொல்கின்றன.

ஆக, கம்பெனி லேப்டாப்பில் கம்பெனி வேலையைக் கண்காணிப்பதே சட்டவிரோதம் என்று நீங்கள் வாதாட முடியாது. வேலையில் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்ட காகிதங்களிலும் அதற்கு ஒரு வரி இருக்கும், எடுத்துப் பாருங்கள். என்ன சேகரிக்கிறார்கள், எவ்வளவு சேகரிக்கிறார்கள், யார் பார்க்கிறார்கள் என்பதில்தான் நீங்கள் பிடித்து நிற்க இடம் இருக்கிறது.

உங்கள் தொழிலில் கட்டுப்பாட்டுக்கு நியாயமான காரணம் இருக்கிறது என்பதையும் மறுக்க முடியாது. அமெரிக்க நோயாளிகளின் ரெக்கார்டு உங்கள் கையில் வருகிறது, நோயாளி விவரங்களைக் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா சட்டம் தலைக்குமேல் நிற்கிறது. ஆபீஸ் ஃப்ளோரில் போன், பேனா, பேப்பர்கூட உள்ளே விட மாட்டார்கள் அல்லவா? ஆனால் நோயாளியின் ரகசியத்தைக் காப்பதற்கும், 'ஐடில்' பட்டியலை குரூப்பில் போட்டு நாலு பேர் முன்னால் ஒருவரைக் கூனிக்குறுக வைப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. நீங்கள் நோயாளியின் சார்ட்டைத் திறந்து வைத்திருக்கும்போது அந்த சாஃப்ட்வேர் எடுக்கும் படத்தில் யாருடைய பெயர் இருக்கும்? நோயாளியின் பெயர், பிறந்த தேதி, நோய் எல்லாம்தானே. அந்தப் படம் எங்கே போய்ச் சேர்கிறது? கண்காணிப்பு சாஃப்ட்வேர் விற்கும் மூன்றாவது கம்பெனியின் சர்வருக்கா? அதற்கு அமெரிக்க கிளையன்ட்டின் ஒப்புதல் இருக்கிறதா? 2025 ஏப்ரலில், வொர்க்கம்போசர் என்ற கண்காணிப்பு சாஃப்ட்வேர் எடுத்த 2 கோடிக்கும் மேற்பட்ட ஸ்கிரீன்ஷாட்டுகள் பூட்டில்லாத ஒரு கிளவுட் சேமிப்பில் யாரும் பார்க்கும்படி கிடந்ததை சைபர்நியூஸ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 'என் அந்தரங்கம்' என்று கேட்டால் எச்.ஆர். கொட்டாவி விடுவார். 'கிளையன்ட்டின் நோயாளி விவரம்' என்று கேட்டால் நிமிர்ந்து உட்காருவார். அங்கிருந்து தொடங்குங்கள்.

ஒரு மெயில் போடுங்கள். டீம் லீடருக்கு வேண்டாம், எச்.ஆருக்கும் தகவல் பாதுகாப்புக் குழுவுக்கும் போடுங்கள். கோபம் ஒரு சொட்டுகூடத் தெரியக் கூடாது. "புதிதாக ஏற்றிய சாஃப்ட்வேர் திரையைப் படம் பிடிப்பதாக அறிகிறேன். நோயாளி விவரமும் அதில் பதிவாக வாய்ப்புள்ளது. இதற்கான பாலிசியை அனுப்ப முடியுமா? என்னென்ன பதிவாகிறது, கீபோர்டில் அடிப்பதும் பதிவாகிறதா, எங்கே, எத்தனை நாள் சேமிக்கிறீர்கள், யார் பார்க்கலாம் என்று தெரிந்தால் அதன்படி நடந்துகொள்வேன்." இவ்வளவு போதும். ஐடில் பட்டியலைப் பற்றி இதே மெயிலில் எழுதாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் புகார் போல ஆகிவிடும்.

அந்தப் பட்டியலுக்கு வேறு பதில் இருக்கிறது. அறுவைசிகிச்சை ரிப்போர்ட் ஒன்றை நீங்கள் எப்படிப் படிப்பீர்கள்? பல பக்கம் ஓடும். எந்த உறுப்பு, எந்தப் பக்கம், திறந்து செய்தார்களா, லேப்ராஸ்கோப்பா, இடையில் முறையை மாற்றினார்களா என்று வரிவரியாகப் பார்த்து, மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் குறியீட்டை அடிப்பீர்கள். அதுவரை கை மவுஸில் சும்மாதான் கிடக்கும். சாஃப்ட்வேரைப் பொறுத்தவரை நீங்கள் தூங்குகிறீர்கள்! கண்ணை மூடிக்கொண்டு கிளிக் செய்து தள்ளுபவர் அதன் கணக்கில் நல்ல உழைப்பாளி. ஆடிட்டில் அவர் போட்ட குறியீடு தப்பாக வந்து இன்சூரன்ஸ் கிளெய்ம் திரும்பும்போது அந்தப் பட்டியல் உதவிக்கு வராது. பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 டிசம்பரில் ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்துக்கு 40,000 யூரோ அபராதம் விதித்தது. அங்கேயும் இதே கதைதான். சில நிமிடம் கீபோர்டும் மவுஸும் அசையாவிட்டால் ஐடில் என்று குறித்தார்கள், திரையையும் படம் பிடித்தார்கள். கம்ப்யூட்டரைத் தொடாத நேரத்தில் மீட்டிங்கிலோ போனிலோ வேலை நடந்துகொண்டிருக்கலாமே என்று ஆணையம் சுட்டிக்காட்டியது.

எனவே டீம் லீடரிடம் தனியாகப் பேசும்போது மூன்று மாத புரொடக்‌ஷன் எண்ணிக்கையையும் குவாலிட்டி ஸ்கோரையும் எடுத்து வையுங்கள். 'டார்கெட் முடிந்திருக்கிறது, தரமும் இருக்கிறது, ரிப்போர்ட் படிக்கும் நேரம் ஐடிலில் விழுகிறது' என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவர் பட்டியலையே காட்டினால் மேனேஜரிடம் போகலாம்.

மவுஸை அசைக்கும் கருவி? வேண்டவே வேண்டாம். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டு இயங்குவது போலப் போலியாகக் காட்டினார்கள் என்று ஒரு டஜனுக்கு மேற்பட்டவர்களை வேலையைவிட்டு அனுப்பிய செய்தி 2024-ல் வெளியே வந்தது. யூ.எஸ்.பி.யில் எதைச் செருகினாலும் லேப்டாப்பில் பதிவாகலாம் என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், இன்று தவறு அவர்கள் பக்கம் இருக்கிறது. அந்தக் கருவியை வாங்கிய நிமிடம் அது உங்கள் பக்கம் வந்துவிடும்.

சொந்த போன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பிடிவாதமாகவே இருங்கள், அது உங்கள் சொத்து. என்ன ஆப் என்று முதலில் கேளுங்கள். லாகின் கோடு காட்டும் ஆதென்டிகேட்டர் மட்டும்தான் என்றால் பயமில்லை, போட்டுக்கொள்ளலாம். கம்பெனி மெயிலுக்காக என்றால் ஆண்ட்ராய்டில் 'வொர்க் புரொஃபைல்' என்ற முறையில் போடச் சொல்லுங்கள். ஆபீஸ் ஆப்களில் சின்னப் பெட்டி அடையாளம் தெரியும், தனிப் பகுதியாக இருக்கும், ஷிஃப்ட் முடிந்ததும் அணைத்து வைக்கலாம். உங்கள் போட்டோவும் வாட்ஸ்அப்பும் அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. ஆனால் நிறுவும்போது 'டிவைஸ் அட்மின்' அனுமதி கேட்டு, அதில் 'எரேஸ் ஆல் டேட்டா' என்ற வரி வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அனுமதி கொடுத்தால் உங்கள் போனை மொத்தமாக அழிக்கும் அதிகாரத்தையே கொடுத்ததாகிவிடும். கம்பெனியே ஒரு போன் தரட்டும் என்று எழுதிக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

கேமரா விஷயத்தில் நெதர்லாந்தில் ஒரு வழக்கு உண்டு. ஓர் அமெரிக்கக் கம்பெனிக்காக வீட்டிலிருந்து வேலை பார்த்தவர், நாள் முழுக்க வெப்கேமை ஆன் செய்ய மறுத்ததற்காக நீக்கப்பட்டார். 2022-ல் நீதிமன்றம் அவருக்கு ஏறக்குறைய 75,000 யூரோ கொடுக்கச் சொன்னது. நம் ஊரில் அப்படி நேராகக் கைகொடுக்கும் சட்டம் இல்லை. அதனால் மறுக்காமல் பேரம் பேசுங்கள். ஷிஃப்ட் தொடக்கத்தில் மேஜையைக் காட்டுகிறேன், மீட்டிங்கில் கேமராவைப் போடுகிறேன், மற்ற நேரம் வீட்டார் நடமாடும் இடம் என்பதால் முடியாது என்று எழுதுங்கள். உங்கள் மாமியார் எந்த ஆஃபர் லெட்டரிலும் கையெழுத்துப் போடவில்லை. குழந்தைக்குப் பால் கொடுக்கும் வீடு என்பதையும் தயங்காமல் எழுதுங்கள், படிக்கும் எச்.ஆர். ஆணாக இருந்தால் உடனே பதில் வரும். மீட்டிங் ஆப்பில் பின்னணியை மங்கலாக்கும் வசதி அந்த ஆப்புக்குள் மட்டும்தான், கண்காணிப்பு சாஃப்ட்வேர் தனியாக எடுக்கும் படத்தை அது மறைக்காது. முடிந்தவரை உங்கள் முதுகுக்குப் பின்னால் சுவர் வருமாறு உட்காருங்கள்.

கணவர் சொல்வது போல இப்போதே விட வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். மெயிலுக்கு என்ன பதில் வருகிறது என்று பாருங்கள். பதிலே இல்லை, பட்டியலும் கேமராவும் தொடர்கின்றன என்றால் வேறு இடம் தேடுங்கள். அனுபவமும் கையில் சிபிசி என்ற மெடிக்கல் கோடிங் சான்றிதழும் இருந்தால் உங்கள் துறையில் தேடுவது அவ்வளவு கஷ்டமில்லை. நோட்டீஸ் பீரியடை ஒழுங்காக முடித்து ரிலீவிங் லெட்டரைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். அடுத்த இன்டர்வியூவில் சம்பளம் பேசும்போதே கண்காணிப்பு எப்படி என்பதையும் கேட்டுவிடுங்கள். அப்புறம், ரெஸ்யூமை அந்த லேப்டாப்பில் மட்டும் டைப் செய்யாதீர்கள்.