ஆளி விதையை அப்படியே விழுங்கினால் பலன் உண்டா?

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் ஆளி விதை வாங்கி தினமும் ஒரு கரண்டி முழுதாக விழுங்குகிறேன், போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, பொடித்துச் சாப்பிடுங்கள். அதன் தோல் கெட்டியானது, மெல்லாமல் விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும், உள்ளே இருக்கும் நல்ல கொழுப்பு உடம்பில் சேராது.

ஒரு மேசைக்கரண்டி பொடியில், அதாவது சுமார் 7 கிராமில், 2 கிராம் நார்ச்சத்தும் ஒன்றரை கிராமுக்குச் சற்று அதிகமாக ஒமேகா-3 என்கிற அந்த நல்ல கொழுப்பும் இருக்கின்றன. மீன் சாப்பிடாதவர்களுக்கு இது பெரிய விஷயம், ஆனால் மீனில் இருக்கும் ஒமேகா-3 வேறு வகை, இதை நம் உடம்பு அந்த வகையாகக் கொஞ்சம்தான் மாற்றிக்கொள்ளும் என்பதால் மீனுக்கு முழு மாற்று என்று நான் சொல்லமாட்டேன். அதன் வழவழப்பான நார் மலச்சிக்கலுக்கு நல்லது, கெட்ட கொலஸ்ட்ராலையும் ஓரளவு குறைக்கும்.

தோசை மாவிலோ தயிரிலோ கலந்துகொள்ளலாம். அப்புறம், தண்ணீர் நிறைய குடியுங்கள், இல்லையென்றால் மலச்சிக்கல் இன்னும் கூடும். சிங்கப்பூர் வெக்கைக்குப் பொடி சீக்கிரம் சிக்கடித்துவிடும், ஒரு வாரத்துக்கு மட்டும் அரைத்து குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.