‘இருந்தால் லாபம், இல்லாவிட்டால் நஷ்டமில்லை’ என்று கடவுளை நம்புவது சரியா?

கடவுள் இருந்தால் சொர்க்கம், இல்லாவிட்டால் இழக்க ஒன்றுமில்லை, ஆகவே நம்பிவைப்பதே பாதுகாப்பு என்ற வாதம் சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை என்பது என் பதில். வீட்டுப் பெரியவர் யாரோ இதைச் சொல்லி உங்கள் வாயை அடைத்திருப்பார் என்று ஊகிக்கிறேன். என் அத்தானும் ஒவ்வொரு கொடைக்கும், அதாவது ஊர்க்கோயில் திருவிழாவுக்கும், இதையேதான் சொல்கிறார்: “இல்லாட்டா போவுது மாப்ள, இருந்துட்டா என்ன செய்வ? நீ கணக்கு வாத்தியார்தான, போட்டுப் பாரு.”

போட்டுப் பார்த்தவன்தான் நான். சேரன்மகாதேவிப் பக்கம் பிறந்து, பாளையங்கோட்டையில் கணக்குக் கற்பித்து ஓய்வு பெற்றவன். இந்த வாதத்தைப் பெயர்பெறச் செய்த பிரெஞ்சுக் கணித மேதை பிளேஸ் பாஸ்கல் சாமானியர் அல்லர். பாதியில் நின்றுபோன சூதாட்டத்தில் பந்தயப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று 1654இல் அவரும் இன்னொரு கணித மேதையான ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்துதான் நிகழ்தகவுக் கணிதம் கிளைத்தது. (பள்ளிகளில் அந்தப் பாடத்தைக் கடைசியில் அவசரமாக ஓட்டிவிட்டு, தேர்வுக்கு முன் நுழைவுச்சீட்டைச் சாமி காலடியில் வைத்து எடுக்கிறார்கள் என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு.) 1662இல் அவர் இறந்து, 1670இல் வெளியான அவருடைய குறிப்புகளில் இந்தப் பந்தயம் இருக்கிறது. நாம் வைப்பது எல்லையுள்ள ஒரு வாழ்க்கை, கிடைக்கக்கூடியது எல்லையற்ற பேரின்பம். வாய்ப்பு எவ்வளவு சிறியதானாலும் முடிவிலியால் பெருக்கினால் விடை முடிவிலிதான் என்பது அவருடைய கணக்கு.

அந்தப் பெருக்கல் எல்லாத் தெய்வங்களுக்கும் பொருந்துகிறது என்பதுதான் சிக்கல். உவரியில் அந்தோணியார் கோயிலும் இருக்கிறது, சுயம்புலிங்க சுவாமி கோயிலும் இருக்கிறது. எதற்கு எவ்வளவு சிறிய வாய்ப்பைக் கொடுத்தாலும் முடிவிலியே வரும்போது, எதைத் தேர்வது என்று கணக்கு சொல்லாது. ஓர் இமாமும் இதே வாதத்தை வைக்கலாமே என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதெரோ 18ஆம் நூற்றாண்டிலேயே கேட்டுவிட்டார். நம் மக்கள் உவரிக்கும் நேர்ந்துகொண்டு, ஆத்தங்கரைப் பள்ளிவாசலுக்கும் நேர்ந்துகொண்டு இதைச் சமாளிக்கிறார்கள். ஆனால் பிறரை வணங்கினால் தண்டிக்கிற கடவுளாக இருந்துவிட்டால் அந்தச் சாமர்த்தியமும் உதவாது. போதாக்குறைக்கு, நாங்கள் கொடை கொடுக்கும் நாட்டார் தெய்வமான சுடலைமாடன் சொர்க்கம் தருவதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவரிடம் கேட்பது பிள்ளை, விளைச்சல், நோய் தீர்வது. அத்தானின் கணக்கில் முடிவிலிக்கே இடமில்லை.

என்னை உண்மையில் உறுத்துவது ‘நஷ்டமில்லை’ என்ற சொல். அப்பா நோயில் கிடந்தபோது, அவர் எழுந்து நடந்தால் கிடா தருவதாக அம்மா சுடலைக்கு நேர்ந்து, மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து வைத்தாள். அப்பா எழவில்லை. ஆண்டுத் திவசம் கழிந்து கொடை வந்தபோது அம்மா கிடாவைப் பற்றிப் பேச்செடுத்தாள். “சாமி கேட்டதச் செய்யல அத்தை, நமக்கும் கடன் இல்ல” என்றார் அத்தான். பந்தயக்காரரின் நியாயம் அது. அதில் பிழையும் இல்லை. அம்மா விடவில்லை: “நேந்தது நேந்ததுதான் மருமவனே.”

மேலப்பாளையம் சந்தைக்குப் போய் விலைபேசிக் கிடாவை ஓட்டிவந்தவன், எதையும் நம்பாத நான்தான். நள்ளிரவுச் சாமக்கொடையில் அதன் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். அது உடலைச் சிலிர்த்தால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாகப் பொருள். கிடா அசையாமல், மூக்கில் வழிந்த நீரை நக்கிக்கொண்டு நின்றது. “பாத்தியா, சாமியே வேண்டாங்குது” என்று அத்தான் என் காதில் சொன்னார். இரண்டாவது செம்பு ஊற்றிய பிறகுதான் அது காதுமடல் படபடக்கச் சிலிர்த்தது, குலவை எழுந்தது. அம்மா வாய் திறந்து எதையும் வேண்டிக்கொள்ளவில்லை.

தோற்ற பந்தயத்துக்கு யாரும் மறுபடி பணம் கட்டுவதில்லை. அம்மா கட்டினாள், ஆகவே அவள் வைத்தது பந்தயமே அன்று. உயிர்ப்பலியை நான் ஆதரிக்கிறேன் என்று யாரும் பின்னூட்டத்தில் சண்டைக்கு வர வேண்டாம். அது தனியாகப் பேசவேண்டியது. ‘அந்தமொன்றில்லா ஆனந்தம் பெற்றேன்’ என்று மாணிக்கவாசகரும் லாபக் கணக்குதானே பார்க்கிறார் என்று கேட்பவர்களுக்கு: ‘ஆர்கொலோ சதுரர்’ (நம்மில் யார் கெட்டிக்காரர்) என்று அவர் சிவனிடம் கேட்பது பெற்ற பிறகு, பெறலாம் என்று எதிர்பார்த்து அன்று.

பாஸ்கலும் பந்தயம் கட்டி நம்பியவர் அல்லர். கடிதங்கள் எழுதிய அதே 1654இல், நவம்பர் 23 இரவு தமக்கு நேர்ந்த அனுபவத்தை எழுதி மேலங்கியின் உட்புறத்தில் தைத்து வைத்திருந்தார்; அவர் இறந்தபின்தான் அது கிடைத்தது. ஆபிரகாமின், ஈசாக்கின், யாக்கோபின் தேவன், தத்துவ ஞானிகளின் தேவன் அல்லர் என்று அதில் இருக்கிறது. கணக்குப் போட்டவுடன் நம்பிக்கை வந்துவிடாது என்பதும் அவருக்குத் தெரியும். அதனால்தான் நம்புகிறவர்களைப் போல நடந்துகொள், தீர்த்தம் தொடு, பூசைக்குப் போ, பழக்கத்தில் வந்துவிடும் என்று யோசனை சொன்னார். நான் விவரம் தெரிந்த நாள் முதல் கொடைக்குப் போகிறேன், குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்குப் பிரிக்கும் தலைக்கட்டு வரியைப் பாக்கி வைத்ததில்லை, திருநீறு கொடுத்தால் பூசிக்கொள்கிறேன். பழக்கம் வந்தது, நம்பிக்கை வரவில்லை. அவ்வளவு போதும் என்கிறார் அத்தான். சுடலைக்கும் அவ்வளவு போதுமா என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறார்.